சீப்புப் படாத சடை

நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அயல்நாட்டு நாய்க் கண்காட்சி ஒன்றின் புகைப்படத்தை எங்கோ பார்த்தாராம். அதில் ஒரு நாய், முதுகிலிருந்து தரை வரையில் கயிறு கயிறாய்த் தொங்கும் மயிருடன், முகம் எது, வால் எது என்று தெரியாதபடி நின்றதாம். "வாயில்லா ஜீவனை இப்படிச் சிக்குப் பிடிக்க விட்டவர்களுக்கு அபராதம் அல்லவா போடவேண்டும்? பரிசுக் கோப்பை கொடுத்திருக்கிறார்களே!" என்று கோபத்துடன் கேட்கிறார்.

கோபம் நியாயமானதே. நாயிடம் உண்மையான பரிவு உள்ளவர்தான் இப்படிக் கேட்பார். ஆனால் அவர் படத்தில் கண்டது சிக்கு அன்று, சடை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வெகு சொற்பம். அந்தச் சொற்பத் தூரத்தைக் காப்பாற்றுவதற்காக யாரோ ஒருவர் பல வருஷங்கள் தம் பத்து விரல்களையும் நோகவைத்துக்கொண்டிருக்கிறார் என்பது படத்தில் தெரிவதில்லை. ஆகவே இவ்வாரம் அந்த விரல்களின் வேலையைப் பற்றியே எழுதலாம் என்று உத்தேசித்தோம்.

நம் ஊரில் மயிர் அடர்ந்த நாய் எதுவானாலும் அதைச் 'சடைநாய்' என்று சொல்லிவிடுகிறோம். பொமரேனியனும் சடைநாய்தான், பக்கத்து வீட்டுச் சிறுமி மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருக்கும் ஸ்பிட்ஸும் சடைநாய்தான். உண்மையில் இவையெல்லாம் கூந்தல் வைத்த நாய்கள். சீப்பைக் கண்டால் பிழைக்கும், காணாவிட்டால் துன்பப்படும். சித்திரங்களில் ரிஷிகளின் சிரசில் நாம் காண்கிறோமே, அத்தகைய மெய்யான சடை உலகத்தில் மிகச் சில நாய் இனங்களுக்கே உண்டு. அவற்றுள் பெயர் பெற்ற இரண்டும் ஹங்கேரி தேசத்தைச் சேர்ந்தவை. பெரியதன் பெயர் கொமொண்டோர். சிறியதன் பெயர், நேயர்கள் சிரிக்கக்கூடாது, புலி. ஹங்கேரிய பாஷையில் அதன் பெயரே அதுதான். நம் காட்டுப் புலிக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. அது செய்யும் தொழிலோ ஆடு மேய்ப்பது! வகுப்பில் ஒரு சமயம் இதைச் சொன்னபோது பிள்ளைகள் அடங்குவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

ஹங்கேரியின் கிழக்கே 'புஸ்தா' என்று வழங்கும் பரந்த புல்வெளி இருக்கிறது. அதில் ஹோர்டோபாஜி என்ற பகுதியை 1973-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1999-ல் அது உலகப் பாரம்பரிய இடங்களின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. கோடையில் நிழலற்ற வெயில். குளிர்காலத்தில் எலும்பை ஊடுருவும் காற்று. இங்கே ராட்ஸ்கா என்னும் ஆட்டினத்தை மேய்த்து வந்தார்கள். திருகாணி போல முறுக்கி நிற்கும் கொம்புகளை உடைய ஆடு அது. மந்தைக்கு இரண்டு வித நாய்கள் வேண்டியிருந்தன. பகலில் ஆடுகளை வளைத்து ஓட்டுவதற்குச் சுறுசுறுப்பான புலி. இரவில் ஓநாயையும் திருடனையும் எதிர்த்து நிற்பதற்குக் கொமொண்டோர். ஆண் புலி உயரத்தில் 45 சென்டிமீட்டரைத் தாண்டாது. எடை 15 கிலோவுக்குள் அடங்கும். கொமொண்டோர் ஆணோ 70 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 50, 60 கிலோ இருக்கும். புலி பெரும்பாலும் கருமை; கொமொண்டோர் வெண்மையைத் தவிர வேறு நிறம் அறியாது. வெள்ளை மந்தைக்குள் அது படுத்திருந்தால் ஆட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஓநாய் பாய்ந்து கடித்தாலும் பல்லில் முதலில் அகப்படுவது சடையே, சதை அன்று. கொமொண்டோர் என்ற பெயர் 1544-லேயே எழுத்தில் காணப்படுகிறது என்பதிலிருந்து இந்த இனத்தின் தொன்மையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆக, சடை என்பது கண்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்த அலங்காரம் அல்ல. அது கவசமாகவும் கம்பளியாகவும் ஏற்பட்டது. இதை மறந்துவிட்டு அதன் பராமரிப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சடை எப்படி உண்டாகிறது? இந்த நாய்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே சற்று முரடான, அலை அலையான நீண்ட மயிர். அடியில் பஞ்சு போன்ற மெல்லிய மயிர். சாதாரண நாய்க்கு அடிமயிர் முதிர்ந்ததும் உதிர்ந்து, நம் பாயிலும் வேஷ்டியிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு உதிர்ந்த மயிர் கீழே விழுவதில்லை; மேல்மயிரின் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. நாளடைவில் இரண்டும் பின்னி இறுகி, கம்பளி நெய்கிறவர்கள் ஆட்டுமயிரை அமுக்கி நமுதா செய்வது போலத் திரி திரியாக உருவாகின்றன. நாயின் ரோமம் நீளமாவதும், சுருளுவதும், மீசையும் புருவமும் தடித்து வளருவதும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்களின் காரியம் என்று 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இறைவன் சிக்கனமாகவே வேலை செய்திருக்கிறான். சிரமத்தை மட்டும் வளர்ப்பவரிடம் விட்டுவிட்டான்.

குட்டிகள் பிறக்கும்போது சடையோடு பிறப்பதில்லை. மென்மையான சுருள் மயிருடன் பொம்மை போல இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்து மகிழ்வார்கள். எட்டு, பத்து மாதம் ஆகும்போது, ஒரு நாள் தடவுகிற கைக்கு உள்ளே கட்டி கட்டியாய்த் தட்டுப்படும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், தொடை இடுக்கில்தான் முதலில் தெரியும். அந்த நாள் மிக முக்கியமானது. சீப்பை எடுப்பதா, விரலை எடுப்பதா என்று அன்றே தீர்மானித்துவிடவேண்டும். சீப்பு என்றால் கடைசிவரை சீப்பு. அமெரிக்கக் கண்காட்சிகளில் புலி நாயைச் சீவிய கோலத்திலும் காட்டலாம், சடைக் கோலத்திலும் காட்டலாம், இரண்டும் மரியாதையானவை. ஆனால் பாதி சீவி, பாதி விட்டுவிட்டால் கிடைப்பது கூந்தலும் அன்று, சடையும் அன்று. நேயர் பயந்த அந்தச் சிக்குதான் மிஞ்சும்.

விரல் என்று தீர்மானித்தவர் செய்யவேண்டியது இது. நாயைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கட்டியாக இருக்கும் மயிர்ப் பத்தையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளவேண்டும். அடியில், தோலின் அருகே, மயிர் தானாகவே பிரியத் தயாராக இருக்கும் கோடுகள் தென்படும். அந்தக் கோட்டில் கட்டைவிரல்களை நுழைத்து மெல்ல இரண்டாகக் கிழிக்கவேண்டும். கிழிந்த பகுதி இன்னும் பெரியதாயிருந்தால் மறுபடியும் இரண்டாக. தோல் வெளியே தெரியும் வரையில் பிரியவேண்டும் என்பதே இதில் உள்ள ரகசியம். நுனியை மட்டும் பிரித்து, அடியைச் சேர்ந்திருக்க விட்டால் வெளிப்பார்வைக்கு அழகான சடை. உள்ளே தோலை மூடிய ஒரே பாய். ஒவ்வொரு திரியும் தோலில் எவ்வளவு இடத்திலிருந்து முளைக்கலாம் என்பதற்குக் கட்டைவிரல் நகத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம். புலிக்குச் சற்று மெல்லியதாகவும், கொமொண்டோருக்குச் சற்றுப் பருமனாகவும் இருப்பது இயல்பு. பேராசை கொண்டு மிக மெல்லியதாகப் பிரித்தால், பிற்பாடு நீளமும் கனமும் ஏறும்போது திரி அடியோடு அறுந்து விழுந்து அந்த இடம் வழுக்கையாகும். சோம்பலால் பருமனாக விட்டால் பக்கத்துத் திரியோடு சேர்ந்து தட்டையான ஓடாகிவிடும். சில நாய்களின் திரி கயிறு போல உருண்டிருக்கும். சிலவற்றுக்கு நாடா போலத் தட்டையாக இருக்கும். அது பிறவி லக்ஷணம். அதை மாற்ற முயல்வது வீண்.

கத்தரிக்கோல் உதவுமா என்றால், விரலுக்கு அடங்காத இறுகிய பத்தைக்கு மட்டும், அதுவும் தோலுக்கு எதிர்ப்புறமாக முனை இருக்கும்படி, நீளவாக்கில் பிளப்பதற்கு உதவும். எடுத்ததற்கெல்லாம் கத்தரி பிடிக்கிறவர் தோலையும் சேர்த்து வெட்டாமல் இருந்ததில்லை. முழுத் தேகத்தையும் ஒரு முறை பிரித்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். ஒரே அமர்வில் முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நாய்க்கும் மனிதருக்கும் பகை வளரும். இன்று ஒரு பக்கம், நாளை ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வது உத்தமம். குட்டியாய் இருக்கும்போதே, சடை வருவதற்கு முன்பே, தினம் சற்று நேரம் ஒருக்களித்துப் படுத்துக் கை படப் பொறுத்திருக்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிடவேண்டும். 60 கிலோ நாய்க்கு இரண்டு வயதில் அப்பாடம் ஆரம்பித்தால் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது சந்தேகம்தான்.

இரண்டு வயதுக்குள் சடை உருப்பெற்றுவிடும். பிறகு பிரிக்கும் வேலை குறையுமே தவிர ஒழியாது. ஏனெனில் அடியில் புதிய மயிர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது விரலை விட்டுத் தோலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். புலியின் சடை தரையைத் தொட நாலைந்து வருஷம் ஆகும். கொமொண்டோருக்கு இடுப்பிலும் தொடையின் பின்புறத்திலும் 20 முதல் 27 சென்டிமீட்டர் நீளம் இருப்பது லக்ஷணம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெண்மையான சடையை விலக்கிப் பார்த்தால் தோல் வெண்மையாக இராது. சிலேட்டுப் பலகையின் நிறமாக இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ வியாதி என்று கலங்கவேண்டாம்.

இனி ஸ்நானம். இதைத்தான் வளர்ப்பவர்கள் எல்லோரும் பெருமூச்சோடு சொல்வார்கள். முதலாவது, ஜலம் உள்ளே இறங்காது. மேலே கொட்டும் ஜலம் ஓலைக் கூரையில் விழுந்த மழை போல வழிந்து ஓடிவிடும். வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு திரியையும் கையால் அமுக்கி அமுக்கி நனைக்கவேண்டும். சோப்பைக் கட்டியாகத் தேய்க்கவே கூடாது. நாய்க்கென்று உள்ள திரவச் சோப்பை ஒரு வாளி நீரில் நன்றாகக் கரைத்து, அதை ஊற்றி, கடற்பஞ்சைப் பிழிவது போலப் பிழியவேண்டும். நாம் வேஷ்டி துவைப்பது போலக் கசக்கினால் திரி பிசிறிட்டுப் பக்கத்துத் திரியோடு பின்னிக்கொள்ளும். பிறகு அலசுவது. சோப்புப் போட எவ்வளவு நேரம் ஆயிற்றோ அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு நேரம் அலசவேண்டும். திரிக்குள் தங்கிய சோப்பு தோலில் அரிப்பை உண்டாக்கும், அழுக்கையும் இழுத்துவைக்கும்.

குளிப்பாட்டியது பெரிய காரியம் அன்று. உலர்த்துவதே பெரிய காரியம். நனைந்த கொமொண்டோர் நனைந்த கம்பளி மெத்தைக்குச் சமானம். முதலில் ஒவ்வொரு திரியாகக் கையால் பிழிந்து, பிறகு துவாலை துவாலையாக மாற்றி ஒற்றி எடுக்கவேண்டும். அதன்பின் நாயைக் காற்றோட்டமான மேடையில் படுக்கவைத்து, நாலு புறமும் விசிறிகளைச் சுழலவிடவேண்டும். சூடான காற்றை ஊதும் யந்திரத்தை மிக அருகே பிடித்தால் தோல் வெந்துபோகும். இவ்வளவு செய்தும் முழுதும் உலர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். மேலே தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டால் திரியின் நடுவில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த சடையின் நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. வெட்டி எறிவது ஒன்றே பரிகாரம். வருஷங்களின் உழைப்பு ஒரு நாள் அவசரத்தில் குப்பைக்குப் போகும் இடம் இதுதான். ஆகையால்தான் அனுபவஸ்தர்கள் வருஷத்துக்குச் சில தடவைகளே முழு ஸ்நானம் செய்விக்கிறார்கள். மற்ற நாட்களில் அழுக்கான இடத்தை மட்டும் அலசித் துடைக்கிறார்கள்.

அழுக்காகும் இடங்கள் தெரிந்தவையே. வாயைச் சுற்றியுள்ள மயிரில் சோறும் எச்சிலும் பட்டு மஞ்சளேறும்; சாப்பிட்டவுடன் துடைத்துவிடவேண்டும், அல்லது சற்றுக் குறைத்து வெட்டிவிடலாம். ஆண் நாய்க்கு அடிவயிற்றுச் சடையில் சிறுநீர் படும். அதைத் தினம் அலசவேண்டும். வாலின் அடியிலும் பாதங்களின் இடுக்கிலும் மயிரைக் குறைத்துவிடுவது சுகாதாரம். காதுக்குள் வளரும் மயிரைக் கவனியாவிட்டால் காற்றுப் புகாமல் காது சீழ் வைக்கும். புல்லில் ஓடி வந்த நாயின் சடையில் புல்விதையும் முள்ளும் குத்திக்கொண்டிருக்கும். சீப்பு இல்லாததால் இவற்றை இடுக்கி கொண்டு ஒவ்வொன்றாகத்தான் எடுக்கவேண்டும். உண்ணி, தெள்ளு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை: கண்ணுக்குத் தெரியா, கை விரல்தான் கண். வைத்தியரைக் கேட்டு மருந்தைத் தோலில் படும்படி இடவேண்டும். சடையின் மேல் இட்டால் சடைக்குத்தான் வைத்தியம். கருப்புப் புலி வெகு நேரம் வெயிலில் கிடந்தால் சடை நுனி துரு நிறமாகும். அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கண்காட்சிக்காரர்கள் மட்டுமே.

கண்காட்சியைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, சொல்லிவிடுகிறோம். பூடில் நாயின் சுருள் மயிரையும் சீவாமல் விட்டால் சடையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சடைப் பூடில்கள் வெகு நாகரிகமாக இருந்தன. யாருடைய சடை நீளம் என்பதில் போட்டி. மந்தை காக்காத நாய்க்குக் கவசம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வைத்துக்கொள்வது பெருந்தொல்லை என்று தெரிந்ததும் நாகரிகம் மறைந்தது. பூடிலுக்கு அது விடுதலை என்றே நாம் கருதுகிறோம். ஓநாய் இல்லாத ஊரில், மாடி வீட்டில், நாயின் நடைக்கு இடையூறாகத் தரையில் புரளும் சடையை வளர்த்து, அது அழுக்காகும் என்று பயந்து நாயை வெளியே விடாமல் வைத்திருப்பவரைவிட, அரையளவாகக் கத்தரித்துவிட்டு அதைப் புல்லில் ஓடவிடுகிறவரே மேல்.

ஹங்கேரியரை மட்டும் நாம் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் காப்பாற்றியது ஓர் அலங்காரத்தை அன்று, தங்கள் நாட்டு நாயை. மேய்ச்சல் குறைந்து புலி அருகிவந்தபோது, 1912-ல் எமில் ராய்ட்சிட்ஸ் என்னும் பேராசிரியர் புடாபெஸ்ட் மிருகக்காட்சிசாலையில் அதைத் தேடிச் சேர்த்து வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். 1924-ல் அதன் லக்ஷணங்கள் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் கொமொண்டோர்களுக்குப் பெரும் சேதம். எஜமானன் வீட்டு வாசலை விட்டு நகராத காவல் நாயைச் சுட்டுவிட்டு உள்ளே நுழைவதுதானே படைகளின் வழக்கம்? மிஞ்சிய சிலவற்றிலிருந்து இனத்தை மீட்டெடுத்தார்கள். 1979-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கொயோட் என்னும் சிறு ஓநாய்களால் ஏற்படும் ஆட்டுச் சேதத்தைக் கொமொண்டோர்கள் குறைக்கின்றன என்று கண்டு எழுதினார்கள். 2004-ல் ஹங்கேரியப் பார்லிமெண்டு தங்கள் நாட்டுப் பூர்வீகக் கால்நடைகளுடன் நாய்களையும் தேசப் பொக்கிஷமாகப் பிரகடனம் செய்தது.

இதைப் படித்துவிட்டு, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கொமொண்டோர் ஒன்று வாங்கினால் என்ன என்று யாருக்கேனும் ஆசை பிறந்திருக்குமானால், ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு கம்பளியை நனைத்துக் கொல்லையில் போட்டு, அது உலர எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். வழவழப்பான குட்டை மயிருடைய நம் ராஜபாளையமும், சிப்பிப்பாறையும், கோம்பையும் நம் வெயிலுக்கு ஏற்றவையாய் இங்கேயே இருக்கின்றன. ஹங்கேரியர் தம் நாய்க்குச் செய்ததில் கால் பங்கை நாம் அவற்றுக்குச் செய்யலாம்.

சடை வளர்க்க அவகாசமோ விசிறியோ உலர்ந்த காற்றோ இல்லாதவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், அதைக் குட்டையாக வெட்டிவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்டிய நாய் சாவதில்லை; மயிர் மறுபடியும் வளரும், சடையாகத்தான் சில வருஷம் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: அதுவரை வெயிலே காணாத தோல் அது, ஒட்டச் சிரைக்காமல் ஓர் அங்குலமாவது விட்டு வெட்டி, முதல் சில வாரங்களுக்கு உச்சி வெயிலில் அலையவிடாமல் இருக்கவேண்டும். வயது முதிர்ந்த நாய்களுக்கு, கண்காட்சிகளில் பரிசு வாங்கியவற்றுக்குங்கூட, பலர் இப்படியே செய்துவிடுகிறார்கள். மூட்டு வலியுடன் இரண்டு நாள் ஈரத்தில் கிடக்கும் துன்பமும், சுமக்கும் பாரமும் அதற்குக் குறைகின்றன. முகத்தை மறைத்திருந்த திரைச்சீலை போனதும், பத்து வருஷமாய் உடன் இருந்த நாயின் கண்கள் எவ்வளவு பெரியவை என்று வீட்டார் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.